மேடான தழும்புக்கு லேசரும் ஊசியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காது குத்திய துளையில் திரண்ட உருண்டை, நெஞ்சில் பரு ஆறிய இடத்திலிருந்து பரவும் தடிப்பு, தையல் போட்ட கோட்டின் மேல் எழும்பிய வரி, கொதிக்கும் எண்ணெய் கொட்டிய கையில் இறுகிப்போன தோல். இவை அனைத்தையும் லேசர் எடுத்துவிடும் என்கிறது ஒரு விளம்பரம். நுண்ணூசிகளை உருட்டினால் போதும் என்கிறது இன்னொன்று. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. எவ்வளவு, யாருக்கு என்பதுதான் கேள்வி.

மேடாக இருக்கும் தழும்பெல்லாம் கீலாய்டுதானா?

இல்லை. எந்தச் சிகிச்சை என்ற முடிவில் பாதி இந்த இடத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது.

மேடான தழும்பு இரண்டு வகை. ஒன்று ஹைப்பர்ட்ரோபிக் தழும்பு. காயம் ஆறி ஓரிரு மாதங்களுக்குள் தடிக்கும், சிவக்கும், அரிக்கும். ஆனால் பழைய காயத்தின் எல்லையைத் தாண்டாது. ஓராண்டு, ஈராண்டில் தானாகவே ஓரளவு அமுங்கிவிடவும் வாய்ப்புண்டு. இன்னொன்று கீலாய்டு. இது எல்லைக்குக் கட்டுப்படாமல், அடிபடாத நல்ல தோலுக்குள்ளும் கால் நீட்டும். காயம் ஆறிச் சில மாதங்கள் கழித்துத் தொடங்கலாம்; ஆண்டுகள் கழித்தும் தொடங்கலாம். தானாக மறைவது மிக அரிது. அறுத்து எடுத்துவிட்டு வேறு எதுவும் செய்யாமல் விட்டால், பாதிப்பேருக்காவது திரும்ப வருகிறது. சிலருக்கு முன்பைவிடப் பெரிதாக வருகிறது.

காயம் எவ்வளவு பெரிதாக இருந்தது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். கடுகளவு பரு இருந்த இடத்தில் இன்று ஒரு ரூபாய் நாணய அளவுக்குத் தடிப்பு இருந்தால் அது பெரும்பாலும் கீலாய்டு. பிறந்தவுடன் இடது தோளில் போட்ட பி.சி.ஜி. தடுப்பூசித் தழும்பு வளர்ந்து பரவியிருந்தாலும் அப்படித்தான்.

எனக்கு மட்டும் ஏன் வருகிறது? கரப்பான் பண்டம் சாப்பிட்டதாலா?

கத்தரிக்காய், கருவாடு, முட்டை ஆகிய மூன்றும் வீட்டுப் பெரியவர்களிடம் வாங்கும் திட்டுக்கு அளவே இல்லை. ஆனால் அவற்றுக்கும் கீலாய்டுக்கும் தொடர்பு இருப்பதாக ஆதாரம் கிடையாது. ஆறும் காயத்துக்குப் புரதம் தேவை. பத்தியம் என்ற பெயரில் முட்டையையும் மீனையும் நிறுத்துவதால் நன்மை எதுவும் இல்லை.

உண்மையான காரணங்கள் வேறு. கருத்த தோலில் கீலாய்டு அதிகம். குடும்பத்தில் யாருக்காவது இருந்தால் வாய்ப்பு கூடுகிறது. 10 முதல் 30 வயது வரை அதிகமாக வரும். கர்ப்ப காலத்தில் சிலருக்கு வேகமாக வளரும். தோல் எப்போதும் இழுபடும் இடங்களான நெஞ்சின் நடுப்பகுதி, தோள், மேல்முதுகு, அவற்றோடு காது மடல், தாடை ஓரம் ஆகியவை அதற்குப் பிடித்த இடங்கள். இமையிலும் உள்ளங்கையிலும் வருவது அபூர்வம். மெதுவாக ஆறிய காயம், சீழ் பிடித்த காயம், திரும்பத் திரும்பக் கிள்ளிய பரு ஆகியவை ஆபத்தைக் கூட்டுகின்றன.

வெறும் வெளிச்சம் எப்படி ஒரு தடிப்பைக் குறைக்கும்?

1983-ல் ராக்ஸ் ஆண்டர்சன், ஜான் பேரிஷ் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட கருத்துதான் இன்றைய தோல் லேசர்களின் அடிப்படை. ஒவ்வொரு அலைநீளத்தையும் தோலில் உள்ள ஒவ்வொரு பொருள் விரும்பி உறிஞ்சுகிறது. சரியான அலைநீளத்தைச் சரியான நொடிப்பின்னத்துக்கு மட்டும் பாய்ச்சினால், சுற்றியுள்ள தோல் தப்பிக்க, குறிவைத்த பொருள் மட்டும் சூடாகும்.

மேடான தழும்பில் முதல் குறி இரத்தக் குழாய்கள். தழும்பு சிவந்திருப்பதற்கும், அரிப்பதற்கும், தொடர்ந்து வளர்வதற்கும் அதற்குள் ஓடும் நுண்குழாய்கள் துணை நிற்கின்றன. 585 அல்லது 595 நானோமீட்டர் ஒளியை உமிழும் பல்ஸ்டு டை லேசர், இரத்தத்தின் சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபினைச் சூடாக்கி அந்தக் குழாய்களை அடைக்கிறது. இரத்த வரத்து குறையும்போது சிவப்பும் அரிப்பும் தணிகின்றன. தடிப்பும் ஓரளவு தளர்கிறது. சிவப்பும் அரிப்பும் முதலில் குறையும், உயரம் கடைசியில்தான் குறையும் என்பதை நோயாளியிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அதைச் சொல்லாமல் பணம் வாங்கும் இடங்களில்தான் மூன்றாவது அமர்வில் சண்டை வருகிறது.

லேசரில் எத்தனை வகை? எனக்கு எது?

பெயர்கள் பல. ஆனால் தழும்பு விஷயத்தில் தெரிந்துகொள்ள வேண்டியவை சில மட்டுமே.

பல்ஸ்டு டை லேசரைப் பற்றி மேலே சொல்லியாயிற்று. புதிய, சிவந்த, மெல்லிய ஹைப்பர்ட்ரோபிக் தழும்புக்கு ஏற்றது. நான்கு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை. போட்ட இடம் கத்தரிப்பூ நிறத்தில் கன்றிப்போய் ஒரு வாரம், பத்து நாள் இருக்கும், பயப்பட வேண்டியதில்லை.

1,064 நானோமீட்டர் என்டி யாக் லேசர் இன்னும் ஆழமாக இறங்கும். கருமையைத் தரும் மெலனின் இதைக் குறைவாகவே உறிஞ்சுவதால், நம் தோலுக்குக் கொஞ்சம் பாதுகாப்பானது.

பிராக்ஷனல் கார்பன் டைஆக்சைடு லேசரின் அலைநீளம் 10,600 நானோமீட்டர். இதன் குறி தோலில் உள்ள நீர். தோல் முழுவதையும் சுடாமல் சல்லடைக் கண் போல நுண்துளைகளை மட்டும் போடுகிறது. இடையில் விடப்பட்ட நல்ல தோலிலிருந்து காயம் விரைவாக ஆறுகிறது. ஆறும்போது, தோலுக்கு உறுதி தரும் புரதமான கொலாஜனின் இறுகிப்போன நார்கள் மாற்றி அடுக்கப்படுகின்றன. இந்தத் துளைகளுக்கு இன்னொரு பயனும் உண்டு. லேசர் போட்ட சில நிமிடங்களுக்குள் ஸ்டீராய்டு மருந்தை மேலே ஊற்றினால் அது துளை வழியே உள்ளே இறங்குகிறது. தடித்த தழும்பில் ஊசியால் மருந்தைச் செலுத்தச் சிரமப்படும் இடங்களில் இது நல்ல வழி.

ஐ.பி.எல். என்பது லேசரே அல்ல. ஏறத்தாழ 500 முதல் 1,200 நானோமீட்டர் வரை பரந்த ஒளியை வடிகட்டி அனுப்பும் விளக்கு. சிவப்பைக் குறைக்க உதவலாம். கருத்த தோலில் சுட்டுவிடும் வாய்ப்பு அதிகம் என்பதால் நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

வீட்டில் மாட்டிக்கொள்ளும் சிவப்பு எல்.இ.டி. முகமூடிகளால் கீலாய்டு அமுங்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

கருத்த தோலில் லேசர் போடலாமா?

போடலாம். ஆனால் விளம்பரப் படங்களில் உள்ள வெள்ளைத் தோலுக்கான அளவுகளை அப்படியே போடக் கூடாது.

மெலனின் ஒளியை உறிஞ்சும். இரத்தக் குழாய்க்கு என்று அனுப்பிய ஆற்றலின் ஒரு பங்கை மேல்தோலில் உள்ள மெலனினே பிடித்துக்கொண்டுவிடும். குறிக்குப் போய்ச் சேர்வது குறையும், மேல்தோல் சுடும். விளைவு: கொப்புளம், பல மாதங்கள் நீடிக்கும் கரும்படலம், சிலசமயம் நிரந்தர வெள்ளைத் திட்டு. எல்லாவற்றிலும் மோசமானது, சூடுபட்ட இடத்திலேயே புதிய கீலாய்டு தொடங்குவது.

அதனால் மருத்துவர் ஆற்றலைக் குறைத்து வைப்பார், ஒவ்வொரு ஒளித் துடிப்பின் நேரத்தையும் நீட்டுவார், தோலைக் குளிர்வித்துக்கொண்டே போடுவார், பிராக்ஷனல் லேசரில் துளைகளின் நெருக்கத்தைக் குறைப்பார், அமர்வுகளுக்கு இடையே அதிக இடைவெளி விடுவார். அதனால் பலன் தெரிய இரண்டு, மூன்று அமர்வு கூடலாம். முதல் நாளே முழுத் தழும்புக்கும் போடாமல் ஓர் ஓரத்தில் சிறிய இடத்தில் சோதித்துப் பார்த்து, நான்கு முதல் எட்டு வாரம் காத்திருக்கச் சொல்லும் மருத்துவர் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள்.

வெயிலில் கறுத்துப்போன தோலில் லேசர் போடவே கூடாது. சித்திரை, வைகாசியில் வெயிலில் அலையும் வேலை உள்ளவர்கள் சில மாதங்கள் தள்ளிப்போடலாம்.

கீலாய்டை லேசரால் ஒரே தடவையில் சீவி எடுத்துவிடுகிறோம் என்கிறார்களே?

சீவலாம். திரும்பவும் வரும். கத்திக்குப் பதில் லேசர் என்பதைத் தவிர, அறுவைக்கும் இதற்கும் கீலாய்டின் பார்வையில் வேறுபாடு கிடையாது. சீவிய பிறகு ஸ்டீராய்டு ஊசி, அழுத்தம், கதிர்வீச்சு இவற்றில் எதைத் தொடரப்போகிறீர்கள் என்று கேளுங்கள். பதில் இல்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஊசிச் சிகிச்சை என்றால் எந்த ஊசி?

நல்ல குழப்பம் இங்கேதான். தழும்புக்கு ஊசி போட்டேன் என்று சொல்லும் மூன்று பேர் மூன்று வேறு விஷயங்களைச் சொல்லலாம். ஒன்று, தழும்புக்குள் மருந்து செலுத்தும் ஊசி. இரண்டு, நுண்ணூசிகள் பதித்த உருளையாலோ பேனா போன்ற கருவியாலோ தோலில் ஆயிரக்கணக்கான துளைகள் போடுவது. இதில் மருந்து கட்டாயம் இல்லை. மூன்று, தழும்பின் நடுவே ஊசியைக் குறுக்காகச் செருகி அதன் வழியே திரவ நைட்ரஜனை ஓட்டி உள்ளிருந்து உறையவைப்பது.

மருந்து ஊசி: எப்படிப் போடுவார்கள், வலிக்குமா?

கீலாய்டுக்கு இன்றும் முதல் சிகிச்சை இதுதான். எவ்வளவு விலை உயர்ந்த லேசர் வந்தாலும், பெரும்பாலும் இதனுடன் கைகோத்துத்தான் வேலை செய்கிறது.

ட்ரையாம்சினோலோன் என்ற ஸ்டீராய்டு, ஒரு மில்லிலிட்டருக்கு 10 முதல் 40 மில்லிகிராம் வரை செறிவில், நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை செலுத்தப்படும். கொலாஜன் உற்பத்தியை அடக்கி, அழற்சியைத் தணிப்பது இதன் வேலை. மருந்து தழும்பின் சதைக்குள்ளேயே போக வேண்டும். அடியில் உள்ள கொழுப்பில் போனால் தோல் பள்ளமாகிவிடும். கல்லைப் போல் இறுகிய கீலாய்டுக்குள் மருந்தைத் தள்ளுவதற்கு மருத்துவரின் கட்டைவிரலுக்கு நல்ல பலம் வேண்டும். அதனால்தான் முதல் இரண்டு அமர்வுகள் அதிகம் வலிக்கும். தழும்பு இளகிய பிறகு வலி குறையும். முன்கூட்டியே மரத்துப்போகும் களிம்பு தடவுவது, பனிக்கட்டி வைப்பது, மரத்துப்போகச் செய்யும் லிக்னோகைன் மருந்தைக் கலந்து போடுவது ஆகியவை உதவும். கேட்கத் தயங்காதீர்கள். வலிக்குப் பயந்து பாதியில் நிறுத்துபவர்கள் ஏராளம்.

ஸ்டீராய்டு மட்டும் போதாத இடத்தில் ஃபுளோரோயுராசில் என்ற மருந்தைச் சேர்ப்பார்கள். இது புற்றுநோய்க்குக் கொடுக்கும் மருந்தாயிற்றே என்று அஞ்ச வேண்டாம். இங்கே போடப்படுவது மிகச் சிறிய அளவு, தழும்புக்குள் மட்டும். இரண்டையும் கலந்தால் ஸ்டீராய்டின் அளவைக் குறைக்கலாம்; தோல் மெலிவதும் குறையும். ஆனால் கர்ப்பிணிகளுக்கும் தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கும் இது கூடாது.

பக்கவிளைவுகள்: தோல் மெலிதல், நிறம் வெளுத்தல், மேலே நுண்ணிய இரத்தக் குழாய்கள் தெரிதல். பெண்களுக்கு மாதவிடாய் சில வாரங்கள் முன்பின்னாகலாம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குச் சில நாட்கள் இரத்தச் சர்க்கரை ஏறலாம். மருத்துவரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும்.

நுண்ணூசி உருளையை ஆன்லைனில் வாங்கி நானே உருட்டலாமா?

கூடாது. கீலாய்டு வரும் உடம்பு என்றால் நிச்சயமாகக் கூடாது.

நுண்ணூசி முறை பருக்கள் விட்டுச்சென்ற பள்ளத் தழும்புகளுக்குப் புகழ்பெற்றது. அங்கே வேண்டியது புதிய கொலாஜன். சிறு காயங்களை உண்டாக்கி உடலை அதை உற்பத்தி செய்ய வைக்கிறோம். கீலாய்டிலோ கொலாஜன் ஏற்கெனவே அளவுக்கு மீறி இருக்கிறது. வளர்ந்துகொண்டிருக்கும் கீலாய்டைக் குத்துவது அதற்குத் தீனி போடுவதுதான். பள்ளத்துக்குப் பலன் தந்தது மேட்டுக்கும் தரும் என்று எண்ணித்தான் பலர் ஏமாறுகிறார்கள். அதோடு, வீட்டில் சுத்தமின்றி உருட்டினால் கிருமி தொற்றும். ஒரே உருளையை இருவர் பயன்படுத்தினால் இரத்தத்தின் வழியே பரவும் நோய்களும் தொற்றும்.

அப்படியானால் மேடான எந்தத் தழும்புக்கும் நுண்ணூசி ஆகாதா?

விதிவிலக்கு ஒன்று உண்டு: வளர்ச்சி நின்று முதிர்ந்துவிட்ட தீக்காயத் தழும்பு. தென்னாப்பிரிக்காவின் பிளாஸ்டிக் அறுவை நிபுணர் டெஸ் ஃபெர்னாண்டஸ் வளர்த்தெடுத்த உருளை முறையை, ஜெர்மனியில் மருத்துவர்கள் தீக்காயத் தழும்புகளுக்குப் பயன்படுத்தி நல்ல பலன் கண்டார்கள். அழகு நிலையத்து அரை மில்லிமீட்டர் உருளை அல்ல இது. ஊசி 3 மில்லிமீட்டர் வரை நீளம். அறுவை அரங்கில், மயக்க மருந்து கொடுத்து, தழும்பு முழுவதும் இரத்தம் கசியும் வரை செய்யப்படுவது. மேல்தோல் உரிக்கப்படாமல் துளைகள் மட்டும் விழுவதால் நிறமாற்றம் குறைவு என்பது கருத்த தோலுக்குச் சாதகம்.

தீக்காயத் தழும்புக்கு இன்று அதிகம் பயன்படுவது பிராக்ஷனல் கார்பன் டைஆக்சைடு லேசர். இந்தத் தழும்புகளில் அழகு இரண்டாம்பட்சம். முழங்கை மடங்காது, கழுத்து திரும்பாது, விரல் நீளாது, இரவெல்லாம் அரிப்பு. லேசரின் நுண்துளைகள் இறுக்கத்தைத் தளர்த்தும்போது அசைவு கூடுகிறது, அரிப்பும் வலியும் குறைகின்றன. ஒன்று முதல் மூன்று மாத இடைவெளியில் பல அமர்வுகள் தேவை. இதோடு இயன்முறைப் பயிற்சியும் அழுத்த உடையும் தொடர வேண்டும். மூட்டைக் கட்டிப்போடும் அளவுக்குச் சுருங்கிய பட்டை என்றால் அறுவை சிகிச்சைதான் முதலில்; லேசர் பிறகு. சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தீக்காயப் பிரிவு நெடுங்காலமாக இயங்கிவருகிறது. பண வசதி இல்லாதவர்கள் தனியார் விளம்பரங்களைப் பார்த்துக் கடன் வாங்கும் முன் இது போன்ற அரசுப் பிரிவுகளில் விசாரிக்கலாம்.

உறையவைக்கும் ஊசி யாருக்கு?

பருத்த, உருண்டையான கீலாய்டுக்கு. குறிப்பாகக் காது மடலில் வருவதற்கு. திரவ நைட்ரஜனின் கொதிநிலை மைனஸ் 196 டிகிரி செல்சியஸ். அதை மேலே பீய்ச்சினால் தோலின் நிறச் செல்கள் முதலில் சாகும். கருத்த தோலில் அந்த இடம் வெள்ளையாகிவிடும். ஊசி வழியாக நடுவிலிருந்து உறையவைக்கும்போது மேல்தோல் ஓரளவு தப்புகிறது. சில நாட்களுக்கு வீக்கம், நீர்க்கசிவு, கொப்புளம் இருக்கும். பிறகு பொருக்குத் தட்டி உதிரும். தழும்பு கணிசமாகச் சுருங்குவதுண்டு, முழுதாக மறைவது குறைவு.

அறுவையும் கதிர்வீச்சும் எப்போது?

ஊசிக்கு மசியாத பெரிய கீலாய்டுக்கு. அறுத்த ஓரிரு நாட்களுக்குள் குறைந்த அளவு கதிர்வீச்சு தொடங்கினால், திரும்ப வருவது வெகுவாகக் குறைகிறது. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் தவிர்ப்பார்கள். காது மடலில் அறுத்த பிறகு, கவ்விப் பிடிக்கும் அழுத்தக் காதணியை மாதக்கணக்கில் அணிவதும் ஒரு வழி.

சிலிக்கோன் பட்டை, வெங்காயச் சாற்றுக் களிம்பு, வைட்டமின் ஈ எண்ணெய்?

இந்த மூன்றில் என் ஓட்டு சிலிக்கோனுக்கு மட்டும். காயம் முழுமையாக மூடியதும் தொடங்கி, ஒரு நாளில் 12 மணி நேரத்துக்குக் குறையாமல், இரண்டு மூன்று மாதமாவது ஒட்ட வேண்டும். நம் ஊர் வியர்வையில் பட்டை நழுவும், அடியில் வேர்க்குரு வரும். அப்போது சிலிக்கோன் ஜெல் வசதி. வெங்காயச் சாற்றுக் களிம்புக்கு ஆதாரம் பலவீனம். வைட்டமின் ஈ சிலருக்கு ஒவ்வாமைத் தடிப்பைத் தருகிறது, வாங்க வேண்டாம்.

எத்தனை அமர்வு? பலன் இல்லை என்று எப்போது முடிவு செய்வது?

லேசரோ ஊசியோ, மூன்று அல்லது நான்கு அமர்வுக்குப் பிறகு நிறுத்தி அளந்து பாருங்கள். ஒரே வெளிச்சத்தில், ஒரே தூரத்தில், பக்கத்தில் அளவுகோல் வைத்து எடுத்த புகைப்படம் போதும். அரிப்பும் மாறவில்லை, உயரமும் மாறவில்லை என்றால் அதே சிகிச்சையைத் தொடர்வதில் அர்த்தமில்லை. முறையை மாற்ற வேண்டும். பத்து அமர்வுக்கு மொத்தமாக முன்பணம் கட்டச் சொல்லும் ‘பேக்கேஜ்’ இந்தச் சுதந்திரத்தை உங்களிடமிருந்து பறித்துவிடுகிறது.

தழும்பு அமுங்கிய பிறகும் ஓராண்டு, ஈராண்டு கண்காணிக்க வேண்டும். கீலாய்டு தாமதமாகத் திரும்பும் பழக்கம் உள்ளது. அரிப்பு மீண்டும் தொடங்குவதுதான் பெரும்பாலும் முதல் அறிகுறி. அப்போதே ஓர் ஊசி போட்டால் வேலை எளிது.

லேசருக்குப் பிறகு வீட்டில் என்ன செய்ய வேண்டும்?

முதல் சில நாட்கள் வெறும் வாசலினைத் தடவி ஈரப்பதமாக வைத்திருங்கள். பொருக்கைப் பிய்க்காதீர்கள். மஞ்சள், எலுமிச்சை, கற்றாழை எதுவும் வேண்டாம். ஆறிய பிறகு குறைந்தது எஸ்.பி.எஃப். 30 உள்ள வெயில் களிம்பு, அல்லது துணியால் மூடுவது. சீழ், காய்ச்சல், பரவும் சிவப்பு, கூடிக்கொண்டே போகும் வலி இருந்தால் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். உதட்டைச் சுற்றி அக்கிப் புண் வரும் வழக்கம் இருந்தால், முகத்தில் லேசர் போடும் முன்பே சொல்லிவிடுங்கள். அதைத் தடுக்க மாத்திரை தருவார்கள்.

தழும்பு என்று நினைத்தது வேறு ஏதாவதாக இருக்குமா?

இருக்கலாம். அடிபட்ட நினைவே இல்லாத இடத்தில் கெட்டியான கட்டி மெல்ல வளர்ந்தால், அல்லது கீலாய்டு என்று சொல்லி ஊசி போட்டும் முண்டும் முடிச்சுமாகப் பெருத்தால், திசுப் பரிசோதனை செய்தாக வேண்டும். கீலாய்டின் வேடத்தில் வரும் ஒருவகைத் தோல் புற்றுக்கட்டி உண்டு. அரிதுதான், ஆனால் லேசரால் மேலே சுட்டுக்கொண்டே இருந்தால் கண்டுபிடிப்பது தாமதமாகிவிடும். மூக்குத்தித் துளையின் ஓரத்தில் வரும் சிவந்த, எளிதில் இரத்தம் கசியும் சிறு மொட்டு பெரும்பாலும் கீலாய்டு அல்ல. உரசலாலோ தொற்றாலோ வருவது. மருத்துவர் பார்த்துவிட்டுச் சொல்வது எளிது.

எனக்குக் கீலாய்டு இருக்கிறது. என் குழந்தைக்குக் காது குத்தலாமா?

குடும்பத்தில் பலருக்கு இருந்தால் குத்தாமல் இருப்பதே பாதுகாப்பு. குத்தியே ஆக வேண்டும் என்றால், சிறு வயதில் குத்துவதைவிடப் பதினோரு வயதுக்குப் பிறகு குத்தும்போதுதான் கீலாய்டு அதிகம் வருவதாக ஆய்வு காட்டுகிறது. தவழும் பருவத்தில் காது குத்தும் நம் வழக்கம் இந்த ஒரு விஷயத்தில் குழந்தைக்குச் சாதகம். கல்லூரிக் காலத்தில் காதின் மேல் குருத்தெலும்பில் போடும் இரண்டாவது, மூன்றாவது துளைகளை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பச்சை குத்துவதும் அப்படியே. துளை போட்ட இடம் ஒரு மாதம் கழிந்தும் அரித்தாலோ தடித்தாலோ காதணியைக் கழற்றிவிட்டு உடனே தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். மிளகளவில் இருக்கும்போது ஓரிரு ஊசியிலேயே அமுங்கிவிட வாய்ப்பு அதிகம்.